மொட்டை மாடி அனல், ஏர் கூலர், ஏசி: வட சென்னை வீடுங்கள்ல அடிக்கடி கேக்குற கேள்விங்க

வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர், தண்டையார்பேட்டை சைடுல ஃபேன், மோட்டார், ஏசி வேலை பாக்குறேன். பங்குனி பொறந்தா போதும், நான் ஏணி மேல நிக்கிறப்பவே கீழேர்ந்து கேள்வி ஆரம்பிச்சிடும், அதுவும் சுத்தி சுத்தி அதே கேள்விங்கதான். அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில எழுதி வெச்சிட்டேன். யூட்யூப்ல வர்ற டிப்ஸ்ல பாதி ராஜஸ்தான், டெல்லி மாதிரி காஞ்ச ஊருக்கு சொன்னது, நம்மளது கடலோர ஊரு, அதுல எது நமக்கு ஒத்து வரும் எது வராதுன்னு அங்கங்க சொல்லிருக்கேன்.

அண்ணா, ஃபேன் புதுசுதான், ஆனா போட்டா அனல் காத்துதான் வருது. ஃபேன்ல கோளாறா?

ஃபேன்ல ஒண்ணும் இல்ல. ஃபேன் காத்த குளுமை பண்ணாது, ரூம்ல என்ன காத்து இருக்கோ அத எடுத்து உங்க மேல வீசும், அதுல வேர்வை காயுறப்ப ஒடம்புக்கு ஜில்லுனு இருக்கும், அவ்ளோதான் அதோட வேலை. மேல சீலிங் சூடா இருந்தா சீலிங்கை ஒட்டி நிக்கிற சூடான காத்த கீழ தள்ளும். அதனால மொதல்ல பாக்க வேண்டியது ஃபேன இல்ல, அதுக்கு மேல இருக்குற கூரைய.

இன்னொண்ணு, யாரும் இல்லாத ரூம்ல "ரூம் கூலா இருக்கட்டும்"னு ஃபேன ஓட விட்டுட்டு போவாங்க, அது சுத்த வேஸ்ட், மோட்டார் சூடு வேற ரூம்ல சேரும். ஃபேன் மெதுவா சுத்துதுன்னா மட்டும் கோளாறு, அதுல பத்துக்கு எட்டு கேஸ் கண்டன்சர் போனது. மேல கப்புக்குள்ள சின்ன டப்பா மாதிரி இருக்கும், சாதா சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோ ஃபேரட்னு எழுதிருக்கும், மாத்தினா பழையபடி பறக்கும். அதுக்குப் போய் புது ஃபேன் வாங்காதீங்க.

மாடி வூட்டுக்கு மட்டும் ஏன் நைட்டு பத்து மணிக்கு கூட மேல இருந்து நெருப்பு மாதிரி எறங்குது? வெயில்தான் போயிடுச்சே?

வெயில் போயிடுச்சு, ஆனா அது குடுத்த சூடு கான்க்ரீட்டுக்குள்ள உக்காந்துட்டு இருக்கு. நாலு அஞ்சு இன்ச் ஸ்லாப் பகல் முழுக்க சூட்ட வாங்கிக்கிட்டே இருக்கும், மேல வாங்கினது கீழ எறங்கி வர சில மணி நேரம் ஆகும், அதான் மத்தியானம் ஒரு மணி வெயில் உங்களுக்கு சாயங்காலம் தெரிய ஆரம்பிச்சு நடுராத்திரி வரைக்கும் விடாது. ஏப்ரல் கடைசிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் நம்ம ஊர்ல மத்தியானம் சூரியன் நேரா உச்சிக்கு மேல வந்து நிக்கும், நடுவுல இருக்குற மாசத்துலயும் பெருசா சாயாது. அப்ப வெயில் அடிக்கிறது சுவத்து மேல இல்ல, மொத்தமா மொட்டை மாடி மேலதான். கீழ் வீட்டுக்காரங்களுக்கு உங்க வீடுதான் குடை, உங்களுக்கு குடை கெடையாது.

காஞ்ச ஊர்ல ராத்திரி டெம்பரேச்சர் சர்ருன்னு எறங்கும், மாடில படுத்தா விடியக்காலைல போர்வை கேக்கும். நம்ம ஊர்ல மே மாசம் ராத்திரி கூட 28, 29லயே நிக்கும், காத்துல ஈரம் இருக்குறதால கூரையோட சூடு மேல வானத்துக்கு போறதும் மெதுவாத்தான் நடக்கும். அதனால நமக்கு சூடு ஏறாம பாத்துக்கிறதுதான் முக்கியம், ஏறினதுக்கு அப்புறம் வெளிய தள்ளுறது கஷ்டம்.

மாடில வெள்ளை அடிச்சா நெஜமாவே குறையுமா, இல்ல பெயிண்ட் கடைக்காரன் விடுற கதையா?

நெஜமா குறையும். நான் யாருக்கு சொன்னாலும் மொதல் செலவா இதத்தான் சொல்லுவேன், ஏசி போடுற வேலைய நானே பாத்துட்டு இத சொல்றேன்னா யோசிச்சுக்கோங்க. கருத்துப்போன சிமெண்ட் தரை மே மாச மத்தியானத்துல 60 டிகிரி தாண்டும், வெறுங்கால வெக்க முடியாது. அதே தரை நல்ல வெள்ளையா இருந்தா பத்து பதினஞ்சு டிகிரி கம்மியா நிக்கும், வெயில்ல பெரும்பாலான பங்க அப்படியே திருப்பி விட்டுடும். அறைக்குள்ள அது ரெண்டு மூணு டிகிரியாத் தெரியும், ரெண்டு மூணு டிகிரிதானான்னு நெனைக்காதீங்க, கை சுடுற சீலிங் சுடாம ஆகுறப்ப ஒடம்புக்கு தெரியுற வித்தியாசம் அத விட ஜாஸ்தி. தெலங்கானால 2023லயே இதுக்குன்னு கூல் ரூஃப் பாலிசி கொண்டு வந்தாங்க. காஞ்ச ஊரு, ஈர ஊருன்னு இல்லாம எல்லா எடத்துலயும் வேலை செய்யுற வழி இது.

ஒரே தொல்லை, நம்ம ஏரியா தூசி. எண்ணூர், மணலி, துறைமுகம், கன்டெய்னர் லாரி எல்லாம் சேந்து ஒரு வருஷத்துல வெள்ளைய சாம்பல் கலர் ஆக்கிடும். அழுக்கு ஏறின வெள்ளை பாதி வேலைதான் செய்யும், அதனால வெயில் காலத்துக்கு முன்னாடி தொடப்பத்தால நல்லா தேச்சு ஒரு கழுவு கழுவி விடணும்.

சுண்ணாம்பு அடிக்கலாமா, கூல் ரூஃப் பெயிண்ட்டே வாங்கணுமா?

காசு கம்மின்னா சுண்ணாம்பே போதும், வெள்ளைனா வெள்ளைதான். கிளிஞ்சல் சுண்ணாம்ப மொத நாளே தண்ணில நீத்து வெச்சு, வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து ரெண்டு கோட் அடிச்சா ஒரு சீசன் ஓடும், ஐப்பசி மழைல பாதி கரைஞ்சு போயிடும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்கணும். நீத்துறப்ப கொதிக்கும், தெறிக்கும், கண்ணுல பட்டா கண்ணு போயிடும், பசங்கள கிட்ட விடாதீங்க, பிளாஸ்டிக் பக்கெட்லயும் பண்ணாதீங்க.

பெயிண்ட் அடிச்சா மூணு நாலு வருஷம் வரும், வாட்டர்ப்ரூஃபிங்கும் சேந்து கெடைக்கும். வாங்குறப்ப டப்பால எஸ்ஆர்ஐன்னு ஒரு நம்பர் போட்டிருக்கான்னு பாருங்க, வெயில எவ்ளோ நல்லா திருப்பி விடும்னு சொல்ற நம்பர் அது, 100 கிட்ட இருந்தா நல்ல சரக்கு. "வெள்ளை கலர் எக்ஸ்டீரியர் எமல்ஷன், எல்லாம் ஒண்ணுதான்"னு குடுப்பாங்க, அது சுவத்துக்கு, தண்ணி நிக்கிற தரைக்கு இல்ல, உரிஞ்சிடும். விரிசல் இருந்தா மொதல்ல அத அடைங்க, பாசிய சுரண்டி எடுங்க, அப்புறம்தான் பிரஷ்ஷ தொடணும்.

எங்களுது தாத்தா காலத்து வூடு, ராயபுரம். எங்களுக்கு ஏன் இவ்ளோ சூடு தெரியல?

உங்களுது மெட்ராஸ் டெரஸ். தேக்கு கட்டை வரிசையா போட்டு, அதுக்கு மேல சின்ன செங்கல்ல நிக்க வெச்சு சுண்ணாம்புல கட்டி, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சு, தட்டோடு ஒட்டிருப்பாங்க. மொத்தமா பாத்தா இப்ப போடுற ஸ்லாப்ப விட ரெண்டு மூணு மடங்கு தடிமன், செங்கலுக்குள்ள காத்து வேற இருக்கு, சூடு எறங்க நேரம் ஆகும், எறங்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். சீலிங்கும் ஒசரம். அத இடிச்சுட்டு ஒம்போதடி ஒசரத்துல கான்க்ரீட் போட்டுட்டு அப்புறம் எனக்கு ஏசிக்கு ஃபோன் பண்றாங்க, என்னத்த சொல்ல.

புதுசா கட்டுறவங்க கேட்டா, காண்ட்ராக்டர் காசு மிச்சம்னு ஸ்லாப் மேல போடுற வெதரிங் கோர்ஸ, அதான் செங்கல் ஜல்லி, தட்டோடு அடுக்க, விடச் சொன்னா விடாதீங்க. செங்கல் ஜல்லியும் தட்டோடும் வெறும் ஒழுகலுக்கு மட்டும் இல்ல, சூட்டுக்கும் அதுதான் தடுப்பு. மேல தட்டோடு செகப்பா இருந்தா அதுக்கும் வெள்ளை அடிக்கலாம், இல்லனா டைல்ஸ் கடைல ஒடஞ்ச வெள்ளை டைல்ஸ் சல்லிசா கெடைக்கும், அத பதிச்சாலும் பல வருஷம் தாங்கும்.

சாயங்காலம் மாடில தண்ணி ஊத்துனா சரியாப்போவுமா? எங்கம்மா டெய்லி பத்து பக்கெட் ஊத்துறாங்க.

ஊத்துனா குறையும், ஒரு லிட்டர் தண்ணி ஆவியாப் போறப்ப முக்கால் யூனிட் கரண்ட்டுக்கு கொஞ்சம் கம்மியான அளவு சூட்ட இழுத்துட்டுப் போகும், அது சின்ன விஷயம் இல்ல. ஆனா பத்து பக்கெட்டும் ஆவியாகாது, முக்காவாசி குழாய் வழியா ரோட்டுக்கு ஓடும். மெட்ரோ வாட்டர் லாரிக்கு கொடம் வரிசை கட்டுற ஏரியால 2019ல தண்ணி இல்லாம பட்டதெல்லாம் மறந்துட்டு இப்படி ஊத்தக்கூடாது.

பழைய கோணிய விரிச்சு அத நனைச்சு விடுங்க, ரெண்டு பக்கெட் போதும், மெதுவா காயும். துணி அலசின தண்ணி, ஆர்ஓ மெஷின்லேர்ந்து வெளிய வர்ற தண்ணி இதுக்கு தாராளமா ஆகும். மாடில விரிசல் இருந்தா வேணாம், கம்பி துரு பிடிச்சு சீலிங் பேந்து விழும். வெள்ளை அடிச்சாச்சுன்னா இந்த வேலையே தேவைப்படாது.

ஜன்னல பகல்ல தொறந்து வெக்கணுமா மூடி வெக்கணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

வெளிய உள்ளத விட சூடா இருந்தா மூடு, குளுமையா இருந்தா தொற. இதுக்கு மேல ரூல் கெடையாது. வேலூர், திருத்தணி மாதிரி காஞ்ச ஊர்ல காலைல எட்டு மணிக்கெல்லாம் எல்லாத்தையும் மூடி, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல தொறந்து விடுவாங்க, அங்க அது அருமையா வேலை செய்யும்.

நமக்கு நடுவுல கடல் காத்து ஒண்ணு இருக்கு. மே மாசத்துல மேக்கேர்ந்து அனல் காத்து அடிக்கும், பதினோரு மணிலேர்ந்து தாங்காது, அப்புறம் மத்தியானம் ஒரு மணி, ரெண்டு மணிக்கு கடல் காத்து உள்ள வரும். காசிமேடு, ராயபுரத்துக்கு மொதல்ல வரும், கொளத்தூர், மாதவரத்துக்கு அப்புறம்தான். அது வர்ற வரைக்கும் மூடி வெச்சு, வந்ததும் கெழக்கு ஜன்னல தொறங்க. மேக்கு காத்து பலமா இருக்குற நாள்ல கடல் காத்து லேட்டாகும், அப்பதான் 42, 43னு நியூஸ்ல வரும். 2003 மே கடைசில சென்னைல 45 டிகிரி அடிச்சது.

எங்க லைன் வூட்ல ஒரு பக்கம்தான் கதவு ஜன்னல் எல்லாம், பின்னாடி அடுத்த வூட்டு சுவரு. காத்து எப்படி வரும்?

வராது. போறதுக்கு வழி இல்லனா வர்றதுக்கும் வழி இல்ல. பின்சுவத்துல ஓட்டை போட முடியாதுன்னா, சமையல் பக்கம் சீலிங்க ஒட்டி எவ்ளோ ஒசரமா முடியுமோ அவ்ளோ ஒசரத்துல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெச்சு வெளிய தள்ளுங்க, முன்னாடி கதவு வழியா தானா புதுக் காத்து வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு மணி நேரம் ஓட விட்டா உள்ள தேங்கின சூடு போயிடும். பகல் அனல்ல அத போடாதீங்க, வெளி அனல உள்ள இழுக்கும்.

வெயிலுக்கு உள்ள கனமா ஸ்க்ரீன் போட்டிருக்கேன், அப்பவும் ரூம் கொதிக்குதே?

ஸ்க்ரீன் உள்ள இருந்தா வெயில் கண்ணாடிய தாண்டி உள்ள வந்தாச்சு, ஸ்க்ரீன் சூடாகி அந்த சூட்ட ரூமுக்குள்ளயே விடும். நிழல் ஜன்னலுக்கு வெளிய இருக்கணும். மூங்கில் தட்டி, பச்சை வலை, பழைய வேட்டி கூட போதும், வெளிய ஒரு ஜாண் தள்ளி கட்டுங்க.

எந்தப் பக்கம்னா மேக்கு பக்கம்தான் முதல்ல, அப்புறம் கெழக்கு. தெக்குச் சுவத்துக்கு வெயில் காலத்துல அவ்ளோ வெயில் விழாது, அது மார்கழி, தைலதான் வாங்கும். மே, ஜூன்ல சூரியன் லேசா வடக்கே போறதால வடக்கு ஜன்னல்ல காலைலயும் சாயங்காலமும் கொஞ்சம் வெயில் வரும், அத யாரும் எதிர்பாக்க மாட்டாங்க.

ஏர் கூலர் வாங்கலாமா? ஏசி வாங்க காசு இல்ல.

எனக்கு ரொம்ப வர்ற கேள்வி இதுதான், கொஞ்சம் வெவரமா சொல்றேன். மண்பானைய பாருங்க. காஞ்ச நாள்ல பானைத் தண்ணி பல்லு கூசுற மாதிரி இருக்கும், புழுக்கமான நாள்ல அதே பானை சுத்தி ஈரமா நிக்குமே தவிர தண்ணி சுமாராத்தான் இருக்கும். கூலரும் அதேதான், ஈரமான பேடு வழியா காத்து போறப்ப தண்ணி ஆவியாகி காத்தோட சூட்ட எடுக்குது. காத்து காஞ்சு இருந்தா நெறைய ஆவியாகும், ஏற்கனவே ஈரமா இருந்தா எங்க போய் ஆவியாகுறது.

கணக்கா சொன்னா, 42 டிகிரி வெயில், காத்துல ஈரம் 20 சதவீதம், அந்த மாதிரி ஊர்ல நல்ல கூலர் வெளிய விடுற காத்து 28 டிகிரி கிட்ட இருக்கும். பதினாலு டிகிரி எறக்கம், அதுவும் 200 வாட்டுக்குள்ள, ஏசி பக்கத்துல கூட வராது. நம்ம ஊர் சாயங்காலம் 35 டிகிரி, ஈரம் 65 சதவீதம்னு வெச்சுக்கோங்க, அதே கூலர் முக்கி முனகி முப்பது முப்பத்தொண்ணுக்கு எறக்கும், ஆனா அந்தக் காத்துல ஈரம் 90 சதவீதம் கிட்ட போயிடும், மேல பட்டா வேர்வை காயாது, பிசுபிசுன்னு ஒட்டும், அரிசி மூட்டையும் பூசணம் பிடிக்கும்.

அதனால வட சென்னைல கூலர் தண்டம்னு சொல்ல மாட்டேன், மேல சொன்ன அந்த மேக்கு காத்து அடிக்கிற நேரம், காலை பத்துலேர்ந்து மத்தியானம் ரெண்டு வரைக்கும், அப்ப நல்லாவே வேலை செய்யும். கடல் காத்து வந்ததும் தண்ணி பம்ப் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வெறும் ஃபேனா ஓட்டுங்க. அந்த நாலு மணி நேரத்துக்கு அவ்ளோ காசு போடணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். என்ன கேட்டா அந்தக் காச கூரைக்கு போடுவேன்.

எங்க மச்சான் ரியாத்ல இருக்காரு, அங்க டெசர்ட் கூலர்ல ஜில்லுன்னு இருக்குதாம், நீங்க என்னவோ வேணாங்குறீங்க?

அவர் சொல்றதும் சரிதான், ரியாத் நடு பாலைவனம், காத்துல ஈரமே கெடையாது. அதே சவூதில தம்மாம்ல இருக்குறவங்கள கேட்டுப் பாருங்க, கடலோரம், ஆகஸ்ட்ல கூலர் போட்டா குளிச்சிட்டு துடைக்காம நிக்கிற மாதிரி இருக்கும்பாங்க. நாடு ஒண்ணு, மெஷின் ஒண்ணு, காத்துதான் வேற. வேலூர், திருத்தணி பக்கம் சொந்த வீடு இருந்தா ஏப்ரல், மே மாசத்துக்கு கூலர் தாராளமா வாங்குங்க, அங்க அது தோதான மெஷின்.

கூலர் ஏற்கனவே வாங்கிட்டேன்ணா, இப்ப என்ன பண்ண?

வாங்கினத நல்லா யூஸ் பண்ணுங்க. முதல் விஷயம், ஏசி மாதிரி கதவு ஜன்னல மூடிட்டு போடாதீங்க, பாதிப்பேர் பண்றது இதுதான். கூலர ஜன்னல்ல வெச்சு வெளிக் காத்த இழுக்க விடுங்க, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ ஒரு ஜாண் தொறந்து இருக்கணும், ஈரக் காத்து வெளிய போகணும். மூடின ரூம்ல அரை மணி நேரத்துல குளியலறை மாதிரி ஆயிடும்.

அடுத்தது தண்ணி. போர் தண்ணி ஊத்துனா தேன்கூடு பேடு மேல வெள்ளையா உப்பு கட்டி காத்து போற வழியே அடைச்சிடும், அப்ப பேட கழட்டி எலுமிச்சம்பழச் சாறோ வினிகரோ கலந்த தண்ணில ஊற வெச்சு அலசுங்க, இரும்பு பிரஷ் போடாதீங்க கிழிஞ்சிடும். வாரத்துக்கு ஒரு தடவை டேங்க மொத்தமா காலி பண்ணி, தொடச்சு, காய வெச்சு அப்புறம் ஊத்தணும், டெங்கு கொசு சுத்தமான தண்ணிலதான் முட்டை போடும், கூலர் டேங்க் அதுக்கு வசதியான எடம். வெட்டிவேர் பேடு போட்டா வாசனையா இருக்கும், எனக்கே பிடிக்கும், ஆனா சீசனுக்கு ஒருக்கா மாத்தணும்.

ஃபேனுக்கு முன்னாடி பாத்திரத்துல ஐஸ் வெச்சா ஏசி மாதிரி ஆயிடுமாமே?

ஆகாது. ஒரு டன் ஏசி ஒரு நாள் முழுக்க ஓடினா 900 கிலோ ஐஸ் உருகுறப்ப இழுக்குற அளவு சூட்ட வெளிய தள்ளும். நீங்க வெக்கிற ஒரு கிலோ ஐஸ் அதே ஏசி ஒன்றரை நிமிஷம் ஓடினதுக்கு சமம். அந்த ஐஸ உறைய வெக்க உங்க ஃப்ரிட்ஜ் அத விட ஜாஸ்தி சூட்ட பின்பக்கமா அதே வீட்டுக்குள்ள விட்டிருக்கும். ஐஸ எலுமிச்சம்பழ ஜூஸ்ல போட்டு குடிங்க, அதான் லாபம்.

பிஎல்டிசி ஃபேன் விலை ஜாஸ்தியா இருக்கே, ஒர்த்தா?

ஒர்த். பிஎல்டிசின்னா உள்ள எலக்ட்ரானிக் போர்டு வெச்சு கம்மி கரண்ட்ல ஓடுற ஃபேன். சாதா ஃபேன் 70, 80 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30 வாட் கிட்ட. ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடுற ஃபேன்னா ரெண்டு மாச பில்லுக்கு ஏறக்குறைய 50 யூனிட் மிச்சம், அது ஒரு ஃபேனுக்கு. நம்ம கரண்ட் பில்லுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்ட தாண்டினா முன்னாடி இருக்குற யூனிட்டுக்கே ரேட் ஏறுற மாதிரி ஸ்லாப் வெச்சிருக்காங்க, அந்தக் கோட்டு பக்கத்துல நிக்கிற வீட்டுக்கு ரெண்டு பிஎல்டிசி மாட்டினா பில்லு பளிச்சுன்னு எறங்கும். ராத்திரி வோல்டேஜ் டிம் ஆனாலும் ஸ்பீடு குறையாது, இன்வெர்ட்டர் பேட்டரியும் ரொம்ப நேரம் தாங்கும்.

ஆனா ஒண்ணு, உள்ள இருக்குற போர்டு போனா தெருமுனை கடைல கட்ட முடியாது, காயில் கட்டுற ஃபேன் இல்ல இது. வாரன்டி கார்ட பத்திரமா வெச்சுக்கோங்க. எப்பவாச்சும் போடுற ரூமுக்கு பழைய ஃபேனே இருக்கட்டும்.

பத்துக்கு பத்து ரூமுக்கு ஒரு டன் போதுமா, ஒன்றரையா? எத்தன டிகிரில வெக்கணும்?

கீழ் வீடுன்னா ஒரு டன் தாராளம். மேல் மாடி, மேக்கு சுவரு, கூரைக்கு ஒண்ணும் பண்ணலன்னா ஒரு டன் தெணறும், அப்பதான் கடைக்காரர் ஒன்றரை சொல்லுவார். மொதல்ல கூரைய சரி பண்ணுங்க, அப்புறம் ஒரு டன்னே போதும்னு ஆயிடும், வாங்குறப்பவும் மிச்சம், மாசா மாசமும் மிச்சம். தேவைக்கு மேல பெரிய ஏசி போட்டா சட்டுனு குளிர்ந்து கட் ஆயிடும், காத்துல இருக்குற ஈரத்த எடுக்க நேரம் கெடைக்காது, குளிரும் ஆனா கசகசன்னும் இருக்கும்.

18ல வெச்சா சீக்கிரம் கூல் ஆகும்னு நெனைக்கிறது தப்பு, 26ல வெச்சாலும் அதே வேகத்துலதான் எறங்கும், எங்க நிக்கணும்னுதான் அந்த நம்பர் சொல்லுது. ஒரு டிகிரி ஏத்தினா ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட மின் சிக்கன அமைப்பு பிஇஇ சொல்லுது, 2020லேர்ந்து ஸ்டார் போட்ட ஏசிங்க ஆன் பண்ணா 24லதான் ஆரம்பிக்கணும்னு ரூலும் போட்டிருக்காங்க. 26 வெச்சு ஃபேன ஒண்ணுலயோ ரெண்டுலயோ ஓட விடுங்க. மழைக்கு முன்னாடி புழுக்கமா இருக்குற நாள்ல ஈரத்த எடுக்குற ட்ரை மோடு போடுங்க, அது நம்ம ஊருக்குன்னே பண்ண மாதிரி.

கடலுக்கு பக்கத்துல இருக்கோம், வெளி யூனிட் மூணு வருஷத்துல துரு பிடிச்சு போயிடுச்சு.

உப்புக் காத்து. காயில் காப்பர்தானான்னு கேட்டு வாங்குங்க, ஃபின்னுங்குற மெல்லிசுத் தகடு மேல கோட்டிங் இருக்கான்னும் பாருங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா மெயின ஆஃப் பண்ணிட்டு, அவுட்டோர நல்ல தண்ணியால மெதுவா பீச்சி கழுவுங்க, போர் தண்ணி வேணாம். கடலப் பாத்த சுவத்துல மாட்டாம பக்கச் சுவத்துல மாட்டினா ஆயுசு கூடும்.

வெயில் படுதுன்னு அவுட்டோர தகரத்தால சுத்தி மூடுறவங்க இருக்காங்க, அது விடுற சூடான காத்த அதுவே திரும்ப இழுக்கும், மேல மட்டும் நிழல் குடுங்க, நாலு பக்கமும் காத்து ஓடணும். உள்ள ஃபில்டர ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே கழுவலாம், அதுக்கு என்ன கூப்பிட வேணாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மட்டும் ஏசி போடாதீங்க, உருகிப்போன பாக்ஸுங்க நெறைய பாத்தாச்சு, தனி ஒயர், 16 ஆம்ப் சாக்கெட், எர்த், இது மூணும் கட்டாயம்.

எங்களுது ஷீட்டு வூடு. மேல சொன்னது எதுனா எங்களுக்கு ஆவுமா?

வெள்ளை அடிக்கிறது உங்களுக்குத்தான் எல்லாரையும் விட ஜாஸ்தி பலன், ஏன்னா ஷீட்டுக்கு தடிமனே கெடையாது, வெயில் பட்ட உடனே கீழ எறங்கும். சிமெண்ட் ஷீட் பழசுன்னா கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தது, அத உரசவோ இரும்பு பிரஷ்ஷால தேக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணி விட்டு கழுவிட்டு ஈரம் காஞ்சதும் அடிங்க. ஷீட் மேல நேரா கால் வெக்காதீங்க, ஒடஞ்சு உள்ள விழுந்தவங்க இருக்காங்க, பலகை போட்டு அதுக்கு மேல போங்க, இல்லனா ஏணிலேர்ந்து ரோலர்ல நீளக் குச்சி கட்டி அடிங்க.

அடுத்தது மேல நிழல். பச்சை வலைய ஷீட்டுக்கு ஒரு அடி மேல கம்பு கட்டி விரிச்சா நடுவுல காத்து ஓடும், அந்த இடைவெளிதான் முக்கியம். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் போடுறவங்க வெள்ளைப் பக்கம் மேல இருக்குற மாதிரி போடுங்க, புயல் மாசத்துக்கு முன்னாடி அவுத்துடுங்க. சுரைக்கொடி ஏத்தி விடுறது பழைய வழி, இன்னிக்கும் அத மிஞ்ச எதுவும் இல்ல, காயும் கெடைக்கும். உள்ள தெர்மாகோல் ஒட்டுறது மட்டும் வேணவே வேணாம், குறுகலான சந்துல ஒரு பொறி பட்டா போதும், எரிஞ்சு மேலேர்ந்து சொட்டும். ஓலையும் அப்படித்தான், குளுமைதான், ஆனா பக்கத்து அடுப்பு எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க.

ரொம்ப வெயில்ல ஃபேன் போட்டா ஆபத்துன்னு சொல்றாங்களே, நெஜமா? பாட்டி தனியா இருக்காங்க.

காத்தே ஒடம்ப விட சூடா இருந்தா ஃபேன் அந்த சூட்ட ஒடம்பு மேல இன்னும் வேகமா கொட்டும், அதனால 40 டிகிரிக்கு மேல போனா ஃபேன மட்டும் நம்பாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயசானவங்களுக்கு வேர்வை கம்மி, தாகமும் தெரியாது, அவங்களுக்கு ஃபேன் காத்து மட்டும் பத்தாது. ஈரத்துணியால கை, கழுத்து, கால தொடச்சு விட்டு அப்புறம் ஃபேன் போடுங்க, மோரோ தண்ணியோ கேக்காமயே குடுங்க, மாடி வீடுன்னா மத்தியானத்துக்கு கீழ் வீட்டுல உக்கார வெச்சிடுங்க. பேச்சு கொழறுது, ஒடம்பு கொதிக்குது, ஆள் மயங்குறாங்கன்னா ஒடம்புல தண்ணி ஊத்திக்கிட்டே 108க்கு அடிங்க, காத்திருக்காதீங்க.

வாடகை வூடு, ஓனரு மாடில கைய வெக்க விட மாட்டேங்குறாரு. நாங்க என்னதான் பண்றது?

வெள்ளை அடிச்சா ஒழுகலும் நிக்கும், ஸ்லாப்புக்கும் ஆயுசு கூடும்னு அவர் லாபத்த சொல்லி ஒரு தடவை கேட்டுப் பாருங்க, பாதிப்பேர் ஒத்துக்குவாங்க, சுண்ணாம்பு செலவு நாங்க பாத்துக்குறோம்னா இன்னும் சுலபம். ஒத்துக்கலன்னா காலி பண்றப்ப கழட்டிட்டு போற மாதிரி செலவு பண்ணுங்க: பிஎல்டிசி ஃபேன், ஜன்னலுக்கு வெளிய மூங்கில் தட்டி, எக்ஸாஸ்ட். ஹவுசிங் போர்டு மேல் மாடிக்காரங்க பிளாக்குல இருக்குறவங்களோட சேந்து கேட்டாத்தான் மாடி சாவி வரும், தனியா கேட்டா வராது.

கடைசியா ஒண்ணு, ஏசியையும் கூலரையும் ஒண்ணா போட்டா டபுள் கூலிங் கெடைக்குமா?

கெடைக்காது. கூலர் காத்துல ஈரத்த ஏத்தும், ஏசி அதே ஈரத்த எடுத்து பின்னாடி பைப்புல சொட்டு சொட்டா வெளிய விடும். ஒரு மெஷின் ஊத்துறத இன்னொரு மெஷின் காசு குடுத்து அள்ளுது, பில்லு மட்டும்தான் டபுள். ஏசி கூட சீலிங் ஃபேன் போடுங்க, கூலர மூலைல வெச்சிடுங்க, வெக்கிறதுக்கு முன்னாடி டேங்க் தண்ணிய கொட்டிடுங்க.